புகையிலைக்கும் வைத்தியம் உண்டு

சிரஞ்சீவி பேரனுக்கு, திருப்புட்குழியிலிருந்து ஆசிகள்.

புகையிலைப் பழக்கம் ஒரு நோய். அதற்கு வைத்தியம் உண்டு. பீடியை இழுத்த சில நொடிகளில் நிக்கோட்டின் மூளைக்குப் போய்விடும். ஹான்ஸ் போன்ற மெல்லும் புகையிலையை வாயில் அடக்கினால் சற்று மெதுவாகப் போகும். ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிறது. மூளை மறுபடி கேட்கிறது. நிறுத்தியவரை முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் அதிகம் வாட்டும். எதற்கெடுத்தாலும் எரிச்சல், தூக்கம் வராது, வேலையில் மனம் ஒட்டாது. சில வாரங்களில் தணிந்துவிடும். உதவியின்றி விட முயல்பவர்களில் நூற்றுக்கு நான்கு பேரே வெல்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆகவே 'வைராக்கியம் இருந்தால் விட்டுவிடலாம்' என்பது அறிவுரையே அல்ல.

பெரிய தாத்தாவுக்கு ஒரே ஒரு வார்த்தைதான் கிடைத்தது. இருமலோடு போன ஒவ்வொரு முறையும் மருந்துச் சீட்டின் அடியில் 'புகை கூடாது' என்று எழுதித் தந்தார்கள். எப்படி விடுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. அந்தச் சீட்டுகள் டிரங்குப் பெட்டியில் இன்னும் இருக்கின்றன. வீட்டிலும் அவருக்கு வைராக்கியம் இல்லாதவர் என்றே பெயர். அது அநியாயம்.

வைத்தியம் இரண்டு பகுதி: பேச்சும் மருந்தும். மருத்துவரோ செவிலியரோ மூன்று நிமிடம் பேசினாலே பலன் உண்டு. தொடர்ந்து பேசினால் இன்னும் அதிகம். மருந்தில் எளியது நிக்கோட்டின் சூயிங்கம். இரண்டு மில்லிகிராம் கம் மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். ஆனால் வெற்றிலை போல மென்று விழுங்கினால் நெஞ்செரிச்சலும் விக்கலும்தான் மிஞ்சும். பலர் அதோடு தூக்கி எறிந்துவிடுகிறார்கள். மெதுவாக மெல்ல வேண்டும். காரம் போல சுருக்கென்றதும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைக்க வேண்டும். சுருக்கு அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காபி கூடாது.

தோலில் ஒட்டும் பட்டை, பூப்ரோபியான், வரெனிக்கிளின், பல்கேரியாவில் 1960களிலிருந்தே விற்கப்படும் சைட்டிசின் ஆகியவையும் உண்டு. 2024இல் வெளியான உலக சுகாதார நிறுவன வழிகாட்டுதல் இவை எல்லாவற்றையும் பரிந்துரைக்கிறது.

மருந்து இருக்கிறது, கைக்கு எட்டவில்லை. உலகில் 2022இல் புகையிலை பயன்படுத்தியோர் சுமார் 125 கோடி. அவர்களில் 60 சதவீதத்துக்கு மேல் விட விரும்புகிறார்கள். 70 சதவீதத்தினருக்கு நல்ல உதவி கிடைப்பதில்லை. புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையை இந்தியா 2004இல் ஏற்றது. அதன் 14ஆவது பிரிவு இந்த வைத்தியத்தை அரசின் கடமையாக்குகிறது. அதற்கு முன்பே, 2002இல், நாடெங்கும் 13 மீட்பு மையங்கள் தொடங்கப்பட்டன. அடையாறு புற்றுநோய் நிலையம் அவற்றில் ஒன்று. 2016இல் இலவசத் தொலைபேசி உதவி வந்தது: 1800-11-2356. சிகரெட் பெட்டியிலேயே அந்த எண் அச்சாகிறது. 2022இல் நிக்கோட்டின் மாற்று மருந்து தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் ஏறியது.

நம் காஞ்சிபுரத்துக்கு இது வெறும் புள்ளிவிவரம் அல்ல. புகையிலைப் பழக்கம் இருந்த காஞ்சிபுரத்துக்காரர் அண்ணா உணவுக்குழாய்ப் புற்றுநோயால் 1969இல் மறைந்தார். நியூயார்க் வரை போய் அறுவை செய்தும் காப்பாற்ற முடியவில்லை. அவர் பெயரால் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை நிற்கிறது. அங்கே போகும் நிலை வருவதற்கு முன் செய்ய வேண்டிய வைத்தியம் ஊருக்குள்ளேயே கிடைக்க வேண்டும். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. கொண்டு வரும் பெண்மணி 'புகையிலை உண்டா?' என்று கேட்டு, அதே பையிலிருந்து கம் அட்டை ஒன்றையும் எடுத்துக் கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. பெரிய தாத்தா காலத்தில் இது இருந்திருந்தால்...

எந்த வழி என்பது அவரவர் விருப்பம். தனியாகவும் முயலலாம். பெரிய தாத்தா பதினோரு முறை தனியாகத்தான் முயன்றார்.

போன மாதம் சட்டைப் பையில் பார்த்த தீப்பெட்டியைப் பற்றி வீட்டில் யாரிடமும் பேச்சு எழவில்லை, இனியும் எழாது. பொங்கலுக்கு வந்தால் போதும். திண்ணையில் பாய் விரித்திருக்கும். ஆயா அதிரசத்துக்கு இப்போதே வெல்லம் வாங்கி வைத்துவிட்டாள். கம் அட்டை இரண்டு, அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

அன்புடன்,
தாத்தா