வொலமைப் பைனும் ஐக்கோர்ணியாவும் – ஓர் ஒப்பீடு

வித்துத் தாவரங்கள் வித்துமூடியிலிகள், வித்துமூடியுளிகள் என இரு கூட்டங்களாக வகுக்கப்படும். முதற் கூட்டத்திற்குச் சைக்கசையும் பைனசையும் மட்டுமே எழுதிப் பழகிய மாணவர்கள் வொலமைப் பைனையும் அறிந்திருத்தல் நன்று.

1994 இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்திலுள்ள வொலமைத் தேசியப் பூங்காவின் ஆழமான பள்ளத்தாக்கொன்றில் டேவிட் நோபிள் என்பவர் இம்மரத்தைக் கண்டார். அதற்கு முன்னர் இதன் நெருங்கிய உறவினங்கள் உயிர்ச்சுவடுகளாகவே அறியப்பட்டிருந்தன. 40 மீற்றர் வரை வளரும் இம்மரத்தில் முதிர்ந்தவை இயற்கையில் 100 இற்கும் குறைவு. பெயரில் பைன் என்று இருப்பினும் இது அரோக்கேரியாவின் குடும்பத்தைச் சேர்ந்தது.

ஆண் கூம்பும் பெண் கூம்பும் ஒரே மரத்தில் உண்டாகும். சூல்வித்துக்கள் சூலகத்தினால் மூடப்படாது பெண் கூம்பின் செதில்களின் மீது அமைந்துள்ளன. எனவே பூவும் இல்லை, பழமும் இல்லை. கூம்பைப் பழம் என எழுதினால் புள்ளி கிடைக்காது.

ஐக்கோர்ணியா அமேசன் பிரதேசத்துக்குரியது. ஊதா நிறப் பூவின் அழகுக்காகப் பல நாடுகளுக்குக் கொண்டு செல்லப்பட்டது. இலங்கையில் இதனைக் கட்டுப்படுத்த 1909 இலேயே சட்டம் இயற்றப்பட்டது. இது ஒருவித்திலைத் தாவரம். இலைக்காம்பு பருத்து, காற்றிடைவெளிகள் நிறைந்திருப்பதால் மிதக்கும். சூல்வித்துக்கள் சூலகத்தினுள் உள்ளன. கருக்கட்டலின் பின் சூலகம் பழமாகும். (குளங்களில் இதனுடன் காணப்படும் சல்வீனியா பூக்காத பன்னத் தாவரம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

மாதிரி வினா: இவ்விரு தாவரங்களின் குடித்தொகைகளிலும் பிறப்புரிமை மாறல் மிகக் குறைவு. அவ்வாறிருந்தும் ஒன்று அரிதாகவும் மற்றையது களையாகவும் இருப்பது ஏன்?

விடை: ஐக்கோர்ணியா ஓடிகள் மூலம் பதியமுறையில் பெருகும். சாதகமான சூழலில் ஏறத்தாழ இரு வாரங்களில் இரு மடங்காகும். வயல்களிலிருந்து வரும் நைத்திரேற்றும் பொசுபேற்றும் இதற்கு உரமாகின்றன. புதிய நாடுகளில் இதனை உண்ணும் இயற்கை எதிரிகளும் இருக்கவில்லை. வொலமைப் பைனும் அடியிலிருந்து புதிய தண்டுகளை விடும். ஆயினும் அதன் வளர்ச்சி மெதுவானது, வாழிடம் குறுகியது. மாறல் குறைவாதலால், வேரை அழுகச் செய்யும் பைற்றொப்தொரா நோய் பரவினால் எல்லா மரங்களும் ஒருமிக்கப் பாதிக்கப்படலாம். சப்பாத்தில் ஒட்டும் மண்ணே அந்நோயைக் கொண்டுசெல்லப் போதுமானது. ஆகவேதான் அவ்விடம் இரகசியமாக வைக்கப்பட்டுள்ளது. 2019–2020 காட்டுத்தீயின்போது தீயணைப்பு வீரர்கள் பள்ளத்தாக்கினுள் நீர்த்தெளிப்பு அமைத்து இம்மரங்களைக் காப்பாற்றினர். நாற்றுமேடைகளில் வளர்த்த கன்றுகள் இப்போது பல நாடுகளின் தாவரவியற் பூங்காக்களில் உள்ளன.