துருவின் மேல் பூச்சு நிற்குமா?

மாணவர்களே, தூசி படிந்த மேசையில் ஒட்டுநாடாவை ஒட்டிப் பாருங்கள். நாடா தூசியைப் பிடித்துக்கொள்ளும், மேசையைப் பிடிக்காது. உலோகத் தெளிப்புப் பூச்சுக்கும் இதே சிக்கல் உண்டு.

கடலோரப் பாலங்களின் எஃகு துருப்பிடிக்காமலிருக்க, துத்தநாகத்தை அல்லது அலுமினியத்தை உருக்கி, அழுத்தக் காற்றால் துளிகளாகத் தெளிப்பார்கள். துளிகள் மோதித் தட்டையாகி, எஃகின் மேடுபள்ளங்களைக் கவ்வியபடி நொடிப்பொழுதில் உறைகின்றன. இடையில் துரு, அதாவது இரும்பு ஆக்சைடு, இருந்தால் துளிகள் அதைத்தான் கவ்வும். துரு உதிர்ந்தால் பூச்சும் உரியும்.

ஆகவே, முதலில் கூர்மையான துகள்களை அழுத்தக் காற்றில் வீசித் துருவை நீக்குவார்கள், பரப்பும் சொரசொரப்பாகும். ஆனால், சுத்தமான எஃகு நம் நாட்டு ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே மீண்டும் துருப்பிடிக்கத் தொடங்கும். எனவே, பொதுவாக 4 மணி நேரத்திற்குள் தெளித்துவிட வேண்டும்.

பறக்கும் துளிகளும் உயிர்வளியுடன் சேர்ந்து ஆக்சைடுத் தோலைப் பெறுகின்றன. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகும். அதன் ஆக்சைடு உருக 2,000 டிகிரிக்கும் மேல் வேண்டும். உருகாத இந்தத் தோல் பூச்சின் அடுக்குகளுக்கு நடுவே சிக்கினால், அவற்றின் பிணைப்பும் தளரும்.

சிந்தியுங்கள்: இன்று சுத்தம் செய்த எஃகு நாளையும் பளபளக்கிறது. அப்படியே தெளிக்கலாமா? கூடாது. கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய ஆக்சைடும் பிடிப்பைக் குறைக்கும்.