உருளையும் வியர்வையும்: வீட்டுக்குள் ஒரு மிதிவண்டிப் பயிற்சி

வீட்டுக்குள் மிதிவண்டி ஓட்டுகிறேன் என்றால் நண்பர்கள் சிரிப்பதுண்டு. நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான். ஸ்கூடாயில் படித்த நாள்களில் நீச்சல், மிதிவண்டி, ஓட்டம் மூன்றும் சேர்ந்த டிரையத்லான் போட்டியில் ஆசை பிறந்தது. லங்காவியில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய அயர்ன்மேன் போட்டியில் மிதிவண்டிப் பகுதி மட்டும் 180 கிலோமீட்டர் என்று படித்தபோது மலைத்துப் போனேன். கையிருப்பைக் கரைத்து, பழைய டிரையத்லான் வண்டி ஒன்றை வாங்கினேன்.

2017 பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலையில், ஜொகூர் பாருவில் மாற்றியமைத்த மிதிவண்டிகளில் சென்ற பிள்ளைகள்மீது கார் மோதி எட்டுப் பேர் உயிரிழந்தனர். அந்தச் செய்தி எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. "இனிமே இருட்டுல சடக்குப் பக்கம் போகாதடா" என்றார் அம்மா. பகலெல்லாம் வேலை, எனக்குக் கிடைப்பதோ இரவுதான். அப்படித்தான் உருளை வீட்டுக்குள் வந்தது.

உருளை என்பது சட்டம் ஒன்றில் பொருத்திய மூன்று தடித்த குழாய்கள். பின்சக்கரம் இரண்டு குழாய்களுக்கு நடுவே உட்காரும். முன்சக்கரம் ஒன்றின்மேல் நிற்கும். ரப்பர் வார் ஒன்று நடுக்குழாயையும் முன்குழாயையும் இணைப்பதால், நாம் மிதிக்கும்போது முன்சக்கரமும் சுழலும். வண்டியை இறுக்கிப் பிடிக்க எதுவும் இல்லை. பின்சக்கரத்தைப் பூட்டி வைக்கும் பயிற்சிக் கருவிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுதான். அதில் தூங்கி வழிந்தாலும் விழமாட்டோம், இதில் விழுந்துவிடுவோம்.

மிதிவண்டி ஏன் விழாமல் ஓடுகிறது? சுழலும் சக்கரத்தின் பம்பர விசைதான் காரணம் என்று பலரும் சொல்வார்கள். நெதர்லாந்து, அமெரிக்க ஆய்வாளர்கள் எதிர்த்திசையில் சுழலும் சக்கரங்களைச் சேர்த்து அந்த விசையை நீக்கிய வண்டி ஒன்றைச் செய்தார்கள். அதுவும் ஆளில்லாமலே விழாமல் ஓடியது. ஆய்வு 2011இல் வெளிவந்தது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தால் கைப்பிடியும் இடப்பக்கம் திரும்ப வேண்டும்; அப்போது சக்கரங்கள் எடைக்கு அடியில் வந்துவிடும். சாலையில் இந்தத் திருத்தம் நமக்குத் தெரிவதே இல்லை, ஏனென்றால் அங்கே இடம் தாராளம். உருளையின் அகலமோ சுமார் 40 சென்டிமீட்டர். ஒரு காலால் அழுத்தி மறுகாலைச் சும்மா விட்டோமானால் வண்டி பாம்புபோல் நெளியும். இத்தனை ஆண்டுகளாக நான் கோணலாகத்தான் மிதித்திருக்கிறேன் என்பதை முதல் நாளே உருளை காட்டிக் கொடுத்தது.

டிரையத்லான் வண்டியில் சிரமம் இன்னும் அதிகம். முழங்கைகளை முன்தாங்கியில் ஊன்றி, கைகளை ஒன்றாக முன்னால் நீட்டி ஓட்டுகிறோம். எடை முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது. சின்ன அசைவுக்கும் கைப்பிடி துள்ளும். பிரேக்கும் கைக்கு எட்டாது. லாரி போகிற சாலையில் இதைப் பழகுவதைவிட வீட்டில் பழகுவது மேல்.

நான் பழகியது இப்படி. உருளையை அறை வாசலின் நிலைக்கு நடுவே வைத்தேன். சாய்ந்தால் இருபக்கமும் முட்டுக்கொடுக்க மரம் இருந்தது. முன்குழாயின் அச்சு, முன்சக்கர அச்சுக்கு ஓரிரு சென்டிமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். பார்வை சக்கரத்தில் விழக்கூடாது. எதிர்ச்சுவரில் ஒரு புள்ளி போதும். மெதுவாக மிதித்தால் தள்ளாடும், நிமிடத்திற்கு 80, 90 சுற்று மிதித்தால் நிலைக்கும். முதல் இரண்டு வாரம் முன்தாங்கியைத் தொடவே இல்லை. பிறகு ஒரு முழங்கை, அப்புறம்தான் இரண்டும். வண்டி உருளையை விட்டு இறங்கினால் சுவரை நோக்கிப் பாயும் என்று பயந்தேன். வீண் பயம்! உடல் முன்னோக்கி நகரவே இல்லையே, பாய்வதற்கு வேகம் ஏது? பக்கவாட்டில்தான் சரிந்தேன், அதுவும் மூன்று முறை.

உண்மையான ஆபத்தை நான் பிறகுதான் அறிந்தேன். ஒரு நாள் தம்பிக்குத் தேர்வு. காற்றாடியை அவன் அறைக்குக் கொடுத்துவிட்டு ஏறினேன். நாற்பதாவது நிமிடத்தில், எப்போதும் 145ஆக இருக்கும் இதயத் துடிப்பு 178 காட்டியது. வேகம் கூடவில்லை. கொஞ்ச நேரத்தில் கைகளில் மயிர்க்கூச்செறிந்து குளிர ஆரம்பித்தது. வேர்த்துக் கொட்டும் அறையில் குளிர்! இறங்கித் தரையில் படுத்துவிட்டேன். அம்மா ஈரத்துண்டு போட்டு விசிறினார்.

காரணத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நாம் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் மிதிகட்டைக்குப் போகிறது, மீதி வெப்பம். மிதிகட்டைக்கு 200 வாட் கொடுத்தால் உடலுக்குள் 600 வாட்டுக்குமேல் வெப்பம் உண்டாகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஒரு மணி நேர வெப்பத்தைப் போக்க அது போதும். ஆனால் ஆவியாக வேண்டும். சொட்டித் தரையில் தேங்கும் வியர்வை உடலைக் குளிர்விப்பதே இல்லை. சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் காற்று நமக்கு இலவசமாகக் கிடைக்கிறது. ஜொகூரின் ஈரப்பதத்தில், மூடிய அறையில், காற்றும் இல்லையென்றால் வியர்வை எங்கே போகும்? வண்டிக்கடியில் குளம் கட்டியதை அதுவரை நான் பெருமையாகப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தேன்!

இப்போது இரண்டு காற்றாடிகள், ஒன்று நெஞ்சுக்கு, ஒன்று முதுகுக்கு. குளிர்நாட்டு அட்டவணையில் உள்ள வேகத்தைத் துரத்துவதில்லை. துடிப்பைப் பார்த்து வேகத்தைக் குறைக்கிறேன். ஏறுமுன்னும் இறங்கியபின்னும் எடை பார்ப்பேன். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. கைப்பிடியின்மேல் துண்டு விரிப்பதும் முக்கியம், உப்பு நீர் இறங்கினால் திருகாணிகள் துருப்பிடிக்கும். புகைமூட்ட நாள்களில் வீட்டுக்குள்ளும் ஏறுவதில்லை. 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டதை ஜொகூர்க்காரர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அந்தப் புகைக்குச் சன்னல் பெரிய தடையில்லை.

வளைவில் திரும்புவதையும் எதிர்க்காற்றையும் உருளை கற்றுத்தராது. அதற்கு ஞாயிறு காலையில், நன்றாக விடிந்த பிறகு, நண்பர்களோடு டெசாரு பக்கம் போகிறோம். மற்ற இரவுகளில் அம்மா நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார்.

"இன்னிக்கு எவ்வளவு தூரம் போன?"

"முப்பது கிலோமீட்டர்மா."

"அப்போ கூலாய்லேர்ந்து ஜேபி போய்ட்ட. தண்ணி குடி."