கீபோர்டு யாருக்குச் சொந்தம்?

அன்புள்ள முகிலனுக்கு,

நீ எழுதிவரும் படம் வரையும் மென்பொருளில், டூல்பாரைப் பிய்த்துத் தனியே வைத்தால் ஷார்ட்கட் எதுவும் வேலை செய்வதில்லை என்று எழுதியிருந்தாய். ஷார்ட்கட் பகுதியை வரி வரியாகப் பார்த்தும் பிழை அகப்படவில்லை என்கிறாய். அங்கே அகப்படாது. கோளாறு ஃபோகஸில் இருக்கிறது.

மவுஸ் கிளிக், சுட்டி எங்கே நிற்கிறதோ அந்த விண்டோவுக்குப் போகும். கீபோர்டுக்கு அப்படிச் சுட்டிக்காட்ட ஏதுமில்லை. எந்த விண்டோவிடம் ஃபோகஸ் இருக்கிறதோ, அடிப்பதெல்லாம் அதற்கே போய்ச் சேரும். ஓரத்தில் ஒட்டியிருக்கும்வரை டூல்பார் பெரிய விண்டோவின் ஓர் உறுப்பு. பிய்த்து வெளியே விட்டதும், இயங்குதளத்தின் கணக்கில் அது தனி விண்டோ. அதில் கிளிக் செய்தால், சொல்லி வைக்காவிட்டால், ஃபோகஸும் கூடவே போய்விடும்.

நிதானமாக ஒருமுறை செய்து பார். மிதக்கும் டூல்பாரில் தூரிகைப் பொத்தானை அழுத்து. படமுள்ள விண்டோவின் தலைப்புப் பட்டை மங்குவது தெரியும். இப்போது படத்தை நகர்த்த ஸ்பேஸ்பாரை அழுத்து. படம் அசையாது. ஃபோகஸ் தூரிகைப் பொத்தானிடம் மாட்டிக்கொண்டிருந்தால், ஸ்பேஸ்பார் அந்தப் பொத்தானையே மறுபடி அழுத்தும். கன்ட்ரோல்-இசட் அடித்தாலும் டூல்பாருக்கு அதை வைத்துச் செய்ய ஒன்றுமில்லை. கடைசிக் கோடு அழியாமல் அப்படியே நிற்கும்.

இந்தத் தலைவலி உனக்கு மட்டும் வந்ததல்ல. கிம்ப் மென்பொருளில் கருவிப்பெட்டி ஒரு விண்டோ, படம் ஒரு விண்டோ என்றுதான் நெடுங்காலம் இருந்தது. 2012இல் வந்த 2.8 பதிப்பில்தான் எல்லாவற்றையும் ஒரே விண்டோவில் அடக்கும் வசதி சேர்ந்தது. 2018இல் வந்த 2.10 பதிப்பில் அதுவே இயல்பான அமைப்பாயிற்று.

டூல்பாரை மிதக்கவிட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் இந்த விதியைப் பிடித்துக்கொள்: கருவியைத் தொடலாம், ஆனால் கீபோர்டு வரையும் இடத்துக்கே சொந்தம். இதற்கு ஒவ்வொரு இயங்குதளத்திலும் வழி உண்டு. விண்டோஸில் ஒரு விண்டோ மீது கிளிக் விழுந்ததும், அதை முன்னிலைக்குக் கொண்டுவரலாமா என்று இயங்குதளம் அந்த விண்டோவையே கேட்கும். ‘மவுஸ் ஆக்டிவேட்’ என்ற அந்தச் செய்திக்கு ‘வேண்டாம்’ என்று பதில் அனுப்பினால், பொத்தான் அழுந்தும், ஃபோகஸ் நகராது. மேக்கில் ஆவணம் ‘மெயின்’ விண்டோ, கீபோர்டைப் பெறுவது ‘கீ’ விண்டோ என்று இரண்டு நிலைகளையும் பிரித்தே வைத்திருக்கிறார்கள். தேவைப்பட்டால் மட்டும் கீபோர்டை வாங்கும்படி, டூல்பார் போன்ற ஒரு பேனலுக்குச் சொல்ல முடியும். லினக்ஸில் ‘இது யூட்டிலிட்டி விண்டோ’ என்று குறிப்புத்தான் கொடுக்கலாம். முடிவு அந்தந்த டெஸ்க்டாப்பின் விண்டோ மேனேஜரின் கையில். அதனால்தான் ஒரே மென்பொருள் ஒரு டெஸ்க்டாப்பில் ஒழுங்காகவும் இன்னொன்றில் ஏறுமாறாகவும் நடந்துகொள்கிறது.

இரண்டு இடங்களில் இந்த விதி தளர வேண்டும். தூரிகையின் அளவைத் தட்டச்சு செய்யும் பெட்டி டூல்பாரில் இருந்தால், அதற்குக் கீபோர்டு வேண்டும். கொடு. என்டரோ எஸ்கேப்போ அடித்ததும் ஃபோகஸைப் படத்துக்கே திருப்பிவிடு. பலர் கோட்டைவிடுவது இந்தத் திருப்புதலில்தான். அடுத்தது, மவுஸைப் பிடிக்க முடியாமல் கீபோர்டை மட்டுமே நம்பி வேலை செய்பவர்கள். அவர்களுக்கு டூல்பாரின் கதவை அடைத்துவிடாதே. லிப்ரே ஆபிஸில் எஃப்6 விசை பகுதிக்குப் பகுதி தாவுகிறது. உன் மென்பொருளிலும் அப்படி ஒரு விசை வை.

திருத்தி முடித்ததும், டூல்பாரை இரண்டாவது மானிட்டருக்கு இழுத்துப் போட்டு, ஒரு கருவியைத் தேர்ந்தெடுத்து, படத்தைக் கிளிக் செய்யாமலே கன்ட்ரோல்-இசட் அடி. கடைசிக் கோடு மறைந்தால் சரி. மறையாவிட்டால், எந்த இயங்குதளத்தில் சோதித்தாய் என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
மாமா