சினம் இறங்கும் இடம்

உடலில் ஒரு கட்டி தோன்றினால் அன்றே மருத்துவரை நாடுகிறோம். உள்ளத்தில் துயரம் கட்டிப்போய் நின்றாலோ எவரிடமும் வாய் திறப்பதில்லை. அதனையே பொறுமை என்றும் எண்ணிக்கொள்கிறோம். ஆயினும் சொல்லப்படாத துயரம் உள்ளத்தில் அடங்கிக் கிடப்பதில்லை. அது சினமாக உருமாறி, வீட்டில் எவர் எளியவரோ அவர்மேல் இறங்குகிறது. இந்த உண்மையையும், இல்லறத்தார் அதற்குச் செய்துகொள்ளத்தக்க பரிகாரத்தையும் இப்பாடத்தில் சிந்திப்போம்.

முகத்துவாரக்குப்பம் காட்டும் பாடம்

சென்னைக்கு வடக்கே எண்ணூரில், கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த மீனவர் ஊர் முகத்துவாரக்குப்பம். ஒருபுறம் கடல், ஒருபுறம் கழிமுகம், அருகே துறைமுகமும் அனல் மின் நிலையமும் தொழிற்சாலைகளும். 2023 டிசம்பர் முதல் வாரத்தில் மிக்ஜாம் புயல் பெருமழையைக் கொட்டியது. மணலித் தொழிற்பகுதியிலிருந்து வெள்ளத்தோடு வெளியேறிய எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து எண்ணூர்க் கழிமுகம் முழுவதும் படர்ந்தது. படகும் வலையும் வீட்டுச் சுவரும் கருத்தன. கூழைக்கடாப் பறவைகளின் சிறகுகளிலும் எண்ணெய் ஒட்டிக்கொண்டது. மீனவர்கள் வாளியும் குவளையும் கொண்டு அவ்வெண்ணெயைக் கையாலேயே அள்ளிப் பீப்பாய்களில் நிரப்பினர்.

அத்துன்பம் ஆறுமுன், அதே மாதம் 26-ஆம் நாள் நள்ளிரவில், பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. கண் எரிய, மூச்சுத் திணற, உறக்கத்திலிருந்து எழுந்து மக்கள் ஓடினர். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன், 2004-இல், ஆழிப்பேரலை வந்ததும் இதே டிசம்பர் 26 தான் என்பதைக் கரையோர மக்களுக்கு எவரும் நினைவூட்ட வேண்டியதில்லை.

எண்ணெய்ப் படலத்தால் மிகுதியும் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அரசு அறிவித்தது. கெட்டுப்போன படகை எண்ணலாம். கெட்டுப்போன உறக்கத்தை எந்தக் கணக்கில் எழுதுவது? சிறு வாடை வந்தாலும் திடுக்கிட்டு எழும் நெஞ்சத்துக்கு எந்தப் பட்டியலில் இடம் உண்டு?

"அவர்தம் தொழில் நம் அறத்தோடு ஒவ்வாததாயிற்றே; அவர் கதை நமக்கு எதற்கு?" என்று நம்மில் சிலர் வினவக்கூடும். எல்லா உயிரிடத்தும் நட்பு, குணத்தில் உயர்ந்தாரிடத்து மகிழ்ச்சி, துன்புறுவோரிடத்துக் கருணை, மாறுபடுவோரிடத்து நடுநிலை என நான்கு பாவனைகளை நமக்கு வகுத்துத் தந்தனர். கருணையைக் கூறுமிடத்தில், துன்புறுவோரின் தொழிலை விசாரித்த பின்னரே இரங்குக என்று எவரும் கூறவில்லை. எண்ணெயில் நனைந்த பறவைக்கு இரங்கும் நெஞ்சம், அதே எண்ணெயில் நின்ற மனிதருக்கும் இரங்கவேண்டும்.

துயரம் சினமாவது எவ்வாறு?

இப்படிப்பட்ட நாட்களில் ஒரு வீட்டை மனத்தில் கற்பனை செய்து பார்ப்போம். குடும்பத் தலைவர் பல நாட்களாகத் தொழிலுக்குச் செல்லவில்லை. தமக்கு இத்தீங்கு செய்தவர் எங்கோ உயர்ந்த மதிலுக்கு அப்பால் இருக்கிறார். அவரை எட்டுதல் அரிது. மாலையில் மகன் வந்து, "அப்பா, நோட்டுப் புத்தகம் வாங்க வேண்டும்" என்கிறான். தந்தையின் குரல் இடிபோல் உயர்கிறது. அச்சிறுவன் எண்ணெயைக் கொட்டியவன் அல்லன். ஆயினும் தண்டனை அவனுக்கே கிடைத்தது. ஏனெனில் அவன் எட்டும் தொலைவில் இருந்தான்.

நம் வீடுகள் மட்டும் விலக்கா? அறுவடைக்கு நின்ற நெல் மழையில் சாய்ந்த அன்று, மருமகள் வைத்த குழம்பில் உப்பு மிகுந்துவிடுகிறது. அலுவலகத்தில் மேலதிகாரி கடிந்துகொண்ட அன்று, மகளின் மதிப்பெண் குறைவாகத் தோன்றுகிறது. வலியவரிடம் பெற்றதை எளியவரிடம் கொடுக்கிறோம். கோலெடுத்து எவரையும் அடியாத நாம், சொல்லெடுத்து அடிப்பதை ஹிம்சை என்று கருதாமலே வாழ்ந்துவிடுகிறோம்.

ஆர்த்தத் தியானத்தைச் சான்றோர் நான்காகப் பகுத்தனர். விரும்பாதது வந்து சேர்ந்ததே என்று வருந்துதல், விரும்பியது பிரிந்ததே என்று ஏங்குதல், உடல் வேதனையையே நினைந்திருத்தல், இனி வரவேண்டிய இன்பத்தையே நாடித் தவித்தல் என்பன அவை. இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்று. இழப்பு நேர்ந்தது ஒருமுறை. அதனை உள்ளம் சுழற்றிச் சுழற்றி எண்ணுவதோ நூறுமுறை. இவ்வாறு ஒன்றையே திரும்பத் திரும்ப எண்ணுவது மனச்சோர்வை வளர்க்கும் என்பதை இக்கால மனநல மருத்துவரும் வற்புறுத்துகின்றனர்.

கேட்கும் செவியே மருந்து

சென்னையில் 1986-இல் தொடங்கப்பெற்ற சிநேகா என்னும் தற்கொலைத் தடுப்பு அமைப்பின் தொண்டர்கள், ஆழிப்பேரலைக்குப் பின் உறவினரை இழந்த கரையோர மக்களிடம் தொடர்ந்து சென்றனர். அவர்கள் மருத்துவர் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மனிதர். அவர்கள் செய்ததெல்லாம் அருகில் அமர்ந்து பொறுமையோடு கேட்டதே. இத்தொண்டு சென்றடைந்த பகுதியினரின் மனத்துயர், சென்றடையாத பகுதியினரின் துயரைக் காட்டிலும் குறைந்திருந்தது என்பதை 2008-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. தம் குற்றத்தை ஆசிரியரிடம் ஒளிவின்றிக் கூறும் 'ஆலோசனை' என்னும் முறை நம்மிடம் தொன்றுதொட்டு உள்ளது. குற்றத்தை வாய்விட்டுச் சொல்லுதல் உள்ளத்தின் சுமையைக் குறைக்குமெனில், துயரத்தைச் சொல்லுதலும் குறைக்குமன்றோ?

நாள்தோறும் பழகத்தக்க மூன்று

முதலாவது, வாயிற்படியில் நிற்றல். வெளியிலிருந்து வீடு திரும்பும்போது உள்ளே நுழையுமுன் ஒரு கணம் நின்று, "இன்று என் சினம் யார்மேல்? எதனால்?" என்று நம்மையே வினவுவோம். "கடன்காரர் பேசிய சொல்லால்" என்று விடை கிடைத்தால், அச்சினத்துக்கும் உள்ளே விளையாடும் குழந்தைக்கும் தொடர்பில்லை என்பது அப்போதே தெளிவாகும்.

இரண்டாவது, கேட்டல். சாமாயிகத்துக்கு இரு நாழிகை, அதாவது 48 நிமிடம், ஒதுக்கும் நாம், மாலையில் மேலும் கால்மணி நேரம் குடும்பத்தாரோடு அமரலாகாதா? ஒருவர் அன்றைய வருத்தத்தைக் கூறட்டும். மற்றவர் குறுக்கிட வேண்டா; அறிவுரையும் கூற வேண்டா. "அப்படியா, பிறகு?" என்னும் இரு சொற்களே போதும்.

மூன்றாவது, அன்றே மன்னிப்புக் கேட்டல். ஆண்டுக்கொருமுறை க்ஷமாவணி நாளில் அனைவரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். ஆனால் நேற்று நாம் கடிந்த குழந்தை அதுவரை காத்திருக்க இயலுமா? "உன்மேல் பிழை இல்லை, கண்ணே, என் வருத்தத்தை உன்மேல் காட்டிவிட்டேன்" என்று தந்தை கூறுவதால் அவர் மதிப்புக் குறையாது. அக்குழந்தை தன் வாழ்நாளெல்லாம் பின்பற்றும் ஒழுக்கம் அது.

இரண்டு எச்சரிக்கைகள்

இப்பயிற்சிகள் மருத்துவத்துக்கு மாற்று அல்ல. இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் கெட்டு, எதிலும் நாட்டமின்றி ஒருவர் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லவேண்டும். வாழ்வே வேண்டாம் என்று பேசினால் ஒரு நாளும் தாமதித்தல் கூடாது; அவரைத் தனியே விடுதலும் கூடாது. 1794-இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இன்றும் சிகிச்சை அளித்து வருகிறது. 2022 முதல் 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் பேசலாம். இதில் நாணத்துக்கு இடமே இல்லை.

மற்றொன்று: மன அமைதி என்பது அநீதிக்கு இணங்கிப்போதல் அன்று. கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. மக்களும் தம் குறையை உரிய இடத்தில் எடுத்துரைத்தனர். சினத்துக்குரிய காரணத்தை உரிய இடத்தில் முறையோடு எடுத்துரைப்பவர், அதனை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டியதில்லை. "மனத்தை அடக்கு" என்று மட்டும் துன்புற்றவரிடம் கூறிவிட்டுப் போவது கருணை ஆகாது.

முகத்துவாரத்தில் ஆறு கடலோடு கலக்கும் வழியை மணல் மூடினால் நீர் பின்னோக்கி ஏறி ஊருக்குள் புகும். உள்ளமும் அத்தகையதே. துயரம் சொல்லாக வெளியேறும் வழியைத் திறந்து வைப்போம். நம் சினம் எளியவர்மேல் இறங்காமல் காப்போமாக.

சிந்திக்க:
1. இவ்வாரம் நம் சினம் யார்மேல் இறங்கியது? அதற்குரியவர் அவர்தாமா?
2. நம் வீட்டில் தம் வருத்தத்தைச் சொல்ல வாய்ப்பே பெறாதவர் யார்?
3. இன்று இரவு உறங்கச் செல்லுமுன் எவரிடம் மன்னிப்புக் கேட்கவேண்டும்?