சிவப்பு ஐ.சி. எங்கிருந்து வந்தது?

நம்ம பூட்டன் காலத்துல தமிழ்நாட்டிலிருந்து மலாயாவுக்குக் கப்பலில் வந்தவர்களைச் சட்டம் "அந்நியர்" என்று சொல்லவில்லை. அங்கேயும் வெள்ளைக்காரன் ஆட்சி, இங்கேயும் அவன் ஆட்சிதான். 1930-ல் ரப்பர் விலை விழுந்தபோது, முதலில் கட்டுப்பாடு வந்தது சீன ஆண்களுக்கு. 1933-ல் அந்நியர் சட்டம் வந்தது. அதிலும் இந்தியர்கள் சிக்கவில்லை. ஆனா தோட்டத்துல வேலை இல்லைன்னதும் சட்டமே தேவைப்படல, ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1938-ல் இந்திய அரசே தொழிலாளர்களை அனுப்புவதை நிறுத்தியது. கங்காணி முறை அதோடு முடிந்தது.

அதுவரை கேள்வி, யார் உள்ளே வரலாம் என்பது. 1948-க்குப் பிறகு, உள்ளே இருப்பவர்களில் யார் குடிமக்கள் என்பதே கேள்வி. பேராக், சிலாங்கூர் தோட்டத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்குக் குடியுரிமை பெரும்பாலும் தானாகக் கிடைக்கவில்லை. தாய், தந்தை இருவரும் இங்கேயே பிறந்து, 15 ஆண்டு வாழ்ந்திருந்தால் கிடைக்கும். கப்பலில் வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அது எப்படிப் பொருந்தும்?

1957 மெர்டேக்கா அன்றிலிருந்து இங்கே பிறந்த பிள்ளைகள் குடிமக்கள் ஆனார்கள். ஆனால் 1962 அக்டோபரிலிருந்து மறுபடியும் நிபந்தனை: பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும். இந்தியாவில் பிறந்த ஒரு தம்பதியை நினைத்துப் பாருங்கள். 1956-ல் பிறந்த அண்ணன் மனு போட வேண்டும். 1960-ல் பிறந்த அக்கா பிறப்பிலேயே குடிமகள். 1963-ல் பிறந்த தம்பிக்கு அப்பா அம்மாவோட நிலையைப் பார்க்க வேண்டும். ஒரே லயத்து வீடு, மூன்று விதி! நான் படிக்கிறது இன்ஜினியரிங். இப்படி ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தா விரிவுரையாளர் திருப்பிக் கொடுத்துடுவார்.

மனு போடாதவர்கள் நிறைய. காலையில் பால்மரம், மாலையில் களைப்பு. பாரம் எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. "இங்கதானே இருக்கோம், யாரு கேட்கப் போறா?" என்ற நினைப்பும் உண்டு. 1969-ல் கேட்டார்கள். குடியுரிமை இல்லாதவருக்கு வேலை பெர்மிட் கட்டாயம் என்று அமலானது. சிவப்பு ஐ.சி. வைத்திருந்த பல்லாயிரம் தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்கே திரும்பினார்கள். அவர்களோடு போன பிள்ளைகளில் பலர் அந்த நாட்டைப் பார்த்ததே இல்லை.

இது பழைய கதைதானேன்னு விட முடியாது. கோவிலில் தாலி கட்டிவிட்டுப் பதிவு செய்யாமல் விடும் பழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கு. 1982 மார்ச் முதல் பதிவு கட்டாயம். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளையின் குடியுரிமைக்குத் தாயின் நிலையைத்தான் பார்ப்பார்கள். தாய் வெளிநாட்டவர் என்றால், அப்பாவின் நீல ஐ.சி. அங்கே உதவாது.

இந்த வாரம் வீட்டில் இரண்டு கேள்வி கேளுங்கள்: பாட்டியோட ஐ.சி. என்ன நிறம்? அண்ணன், அக்கா கல்யாணப் பதிவுப் பத்திரம் எங்கே?