உணவுக்குழலில் வைக்கும் குழாயும் அதன் தொல்லைகளும்

முற்றிய புற்றுநோயால் உணவுக்குழல் அடைபட்டவர்க்குச் சிலவேளை உமிழ்நீரும் இறங்காது. அடைப்பினூடே வைக்கப்படும் உலோகவலைக் குழாய் தானே விரிந்து வழி திறக்கிறது, நோயைத் தீர்ப்பதில்லை. 1924-இலேயே சௌட்டர் என்னும் ஆங்கில மருத்துவர் கம்பிச்சுருட் குழாயை இதற்கு வைத்தார்.

அடிக்கடி நேரும் தொல்லை உணவடைப்பு. உணவைத் தள்ளும் அலையியக்கம் இக்குழாய்க்குள் இல்லை. உணவு தன் எடையாலேயே இறங்கவேண்டும். ஆகவே இறைச்சித்துண்டு சிக்கும். எளிய உணவென்று வீட்டார் நம்பிக் கொடுக்கும் கீரைத்தண்டும் சிக்கும். நிமிர்ந்தமர்ந்து, குழைந்த உணவைச் சிறிது சிறிதாக உண்டு, இடையிடையே நீர் பருகவேண்டும்.

வலைக்கண்களினூடே புற்று வளர்ந்து மீண்டும் அடைக்கலாம். உறையிட்ட குழாயில் இது குறைவு; ஆனால் அது நழுவுவது மிகுதி. இரைப்பைவாயைக் கடந்து வைத்த குழாயெனில் அமிலம் மேலேறும். தலைப்பக்கம் உயர்த்திப் படுக்கவேண்டும்.

முதல் சில நாள்களில் மார்புவலி பலர்க்கும் உண்டு. வலியோடு காய்ச்சலோ மூச்சுத்திணறலோ சேரின் குழலில் துளை விழுந்ததோ என ஐயுறவேண்டும். அப்போதும், இரத்தவாந்தி கண்டபோதும், உடனே மருத்துவமனைக்கு அனுப்புக.